குளிர் ஊரை விட்டு இறங்கும் குடும்பங்கள்: ஆனேக்கல் தமிழர்கள் போட வேண்டிய கணக்கு

ஆனேக்கல், சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி வட்டாரங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடையே "கீழே போய்விடலாமா?" என்ற பேச்சு பழைய பேச்சு. கீழே என்றால் தமிழ்நாடு. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பீடபூமியை விட்டு இறங்கி, தர்மபுரிக்கோ, சேலத்துக்கோ, வேலூருக்கோ, சென்னைக்கோ பெண்டு பிள்ளைகளோடு போய்க் குடியேறுவது. வாடகையை ஏற்றச் சொல்லி வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதும், மார்கழிக் குளிரில் பெரியவரின் முழங்கால் மடங்க மறுக்கும்போதும், பள்ளிக்கூடக் கட்டணச் சீட்டு கைக்கு வரும்போதும் இந்தப் பேச்சு எழும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அடங்கிவிடும்.

இப்போது அந்தப் பேச்சுக்குப் புதிய காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டு 10-ந் தேதி ஆர்.வி.ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோ மீட்டர் தூரத்துக்கு மெட்ரோ ரெயிலின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. ஷிப்டு முடிந்து ஓசூர் ரோடு நெரிசலில் நின்று தவித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மெட்ரோ வரும் இடத்துக்கு அதன் பின்னாலேயே வாடகை உயர்வும் வரும் என்பது எந்த ஊரிலும் கண்ட அனுபவம். அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயில் இருந்து 90 ரூபாய் ஆக்கப்பட்டது. 2024 கோடையில் பெங்களூரையே உலுக்கிய தண்ணீர்ப் பஞ்சத்தில், குழாய் இணைப்பு எட்டாத புறநகர்ப் பகுதிகள் டேங்கர் லாரியை நம்பிக் கிடந்ததும் யாருக்கும் மறந்திருக்காது.

போகலாமா, இருக்கலாமா என்பது அந்தந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் போடுகிற கணக்கில் வாடகை, பஸ் கட்டணம் ஆகியவை மட்டுமே வருகின்றன. வர வேண்டிய பெரிய இனங்கள் சில விட்டுப் போகின்றன.

ஏறி வந்த கதை

தமிழர்கள் இந்த மேட்டுக்கு ஏறி வந்ததே பெரிய கதை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை அங்கே காய்ச்சல் தாங்காமல், குளிர்ச்சியான இடம் தேடி 1809-ம் ஆண்டு பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைத்தது. படைக்குப் பின்னால் தமிழ்ச் சிப்பாய்களும், கொத்தனார்களும், வியாபாரிகளும், சமையல்காரர்களும் வந்தார்கள். 1864 ஆகஸ்டில் ஜோலார்பேட்டையில் இருந்து கண்டோன்மெண்டுக்கு ரெயில் வந்த பிறகு வருகிறவர்கள் பெருகினார்கள். பிறகு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் வந்து அடுத்த தலைமுறைகளை அழைத்தன. ஆனேக்கல் தாலுகாவில் இன்று குடியிருப்போரில் பெரும்பாலோர் அதற்கும் பின்னால், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளைத் தேடி வந்தவர்கள்.

இறங்கிப் போனதும் உண்டு. அது பயத்தில் நடந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தபோது பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்த வீடுகள் உண்டு. பயந்து ஓடும்போது கணக்குப் பார்க்க நேரம் இருப்பதில்லை. இப்போது நடப்பது அப்படிப்பட்ட ஓட்டம் அல்ல. உட்கார்ந்து யோசிக்க அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளாதது கைப்பொருளை வீசுவது போலாகும்.

வெயில் எவ்வளவு?

முதலில் வெயிலையே எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் "ஆனெகல்லு" என்றால் ஆலங்கட்டி. ஆனேக்கல் என்ற ஊர்ப் பெயருக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பெயருக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் பெங்களூர் வட்டாரத்தின் குளிர் முன்போல் இல்லை என்பதும் உண்மை. 1884 ஜனவரியில் 7.8 டிகிரிக்கு இறங்கிய ஊரில், 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வெயில் அடித்தது. 2024 ஏப்ரலிலும் 38 டிகிரியைத் தாண்டியது.

"இங்கேயே இப்படி என்றால் அங்கே போனால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வித்தியாசம் பெரிது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சராசரியாக ஆறு, ஏழு டிகிரி வெப்பம் கூடும் என்பது இயற்கை விதி. கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அதற்கு உண்டு. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. சென்னை கடல் மட்டத்திலேயே இருக்கிறது. அங்கே 2003 மே மாதத்தில் 45 டிகிரி பதிவானது.

பகல் வெயிலை விட இரவுதான் ஆளை அடிக்கும். பெங்களூரில் சித்திரை மாதத்திலும் இரவு 22 டிகிரி அளவுக்குத் தணிந்துவிடும். பகல் முழுதும் மெஷினோடு போராடியவன் இரவில் தூங்கி எழுந்து மறுநாள் வேலைக்குப் போகிறான். சென்னையில் கத்திரி நாட்களில் இரவும் பெரும்பாலும் 28 டிகிரி அளவிலேயே நிற்கும். அதோடு கடற்காற்றின் ஈரம். உடம்பில் சுரக்கும் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர, காயாது. சேலம், தர்மபுரி வெயில் வறண்ட வெயில். அது தோலைச் சுடும். சென்னை வெயில் ஆளை அவிக்கும். இரண்டில் எது தாங்கும் என்பது உடம்பைப் பொறுத்தது.

முழங்கால் வலிக்கும் வீசிங்குக்கும் "சூடான ஊருக்குப் போங்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. குளிரில் மூட்டு விறைப்பாகத் தெரிவதும், குளிர்ந்த காற்று மூச்சிரைப்பைத் தூண்டுவதும் உண்மை. ஆனால் சென்னையின் ஈரச் சுவரில் படியும் பூஞ்சணமும் மூச்சிரைப்பைத் தூண்டும். ரத்தக்கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் சூடான ஊருக்குப் போகுமுன் டாக்டரைக் கலந்துகொள்வது அவசியம். வியர்வையிலும் நீர் போய், மாத்திரையிலும் நீர் போனால் மயக்கம் வரும். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருதயத்துக்கு பொம்மசந்திரா நாராயண ஹிருதயாலயாவிலோ ஜெயதேவாவிலோ, புற்றுநோய்க்குக் கித்வாயிலோ தொடர்ந்து வைத்தியம் பார்த்து வருகிறவர்கள், எல்லா ரிப்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் சாமான் கட்டக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளி விடுமுறையை ஒட்டி எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு மாற்றுகிறார்கள். ஆண்டிலேயே கொடிய வெயிலில், பழக்கமில்லாத உடம்போடு, பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வெயில் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். குடும்பத் தலைவர் ஜனவரி, பிப்ரவரியிலேயே போய் வேலையில் சேர்ந்து வீடு பார்த்து வைத்தால், பிள்ளைகள் மே கடைசியில் போய்ச் சேரலாம். வீடு பார்க்கும்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை, வாடகை குறைவு என்று எடுத்துவிடக் கூடாது. குறைந்த வாடகையை மின்சாரக் கட்டணம் தின்றுவிடும்.

மின்சாரச் சீட்டு

அமெரிக்காவில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நியூயார்க், சிகாகோ போன்ற குளிர் நகரங்களை விட்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா என்று வெப்பமான மாநிலங்களுக்குப் பெயர்ந்தன. அதைச் சாத்தியமாக்கியதில் ஏர்கண்டிஷன் எந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் 2023-ம் ஆண்டு 31 நாட்கள் இடைவெளி இல்லாமல் 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. அங்கே எந்திரம் இல்லாமல் வாழ முடியாது. எந்திரம் ஓட மாதாமாதம் பணம் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கும் அதுதான். கர்நாடகத்தில் 2023-ல் வந்த கிருக ஜோதித் திட்டப்படி, முந்தைய ஆண்டின் சராசரி உபயோகத்துக்கு மேல் பத்து சதவீதம் வரை, மாதம் 200 யூனிட்டுக்கு மிகாமல் மின்சாரம் இலவசம். வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இது உண்டு. பேன் கூட அதிகம் சுற்றாத பெங்களூர் வீட்டில் பலருக்குச் சீட்டில் பூஜ்யம்தான் வரும். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது விதி. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு. மூன்று பேன், பிரிட்ஜ், கோடையில் ஒரு ஏர்கூலர் என்றால் அந்த எல்லையை நோக்கி மீட்டர் ஓடத் தொடங்கும்.

இதில் பலர் கவனிக்காத முடிச்சு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ரூ.1,000 மகளிர் உரிமைத் தொகைக்கு வகுத்த தகுதிகளில், வீட்டின் ஆண்டு மின்சார உபயோகம் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதும் ஒன்று. வெயில் தாங்காமல் ஏர்கண்டிஷன் மாட்டினால் தொகைக்கு உள்ள தகுதியும் ஆட்டம் காணும். கர்நாடகத்தில் கிருகலட்சுமியின் ரூ.2,000-ஐ விட்டுவிட்டுப் போகும் பெண்மணி இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம்

எல்லாவற்றிலும் பெரிய இனம் பிள்ளைகளின் படிப்பு. இதில் ஓராண்டு முன்பின் ஆனாலும் நஷ்டம் பத்தாண்டுக்கு நிற்கும்.

முதலில் மொழி. கர்நாடகத்தில் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கற்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். ஆனேக்கல் வட்டாரத்து ஆங்கிலப் பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தைப் பார்த்திருக்காது. இரண்டாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழ்த் தாள் எமனாக வந்து நிற்கும். மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்குக் கேட்டு நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆனால் தாய்மொழி தமிழ் என்று எழுதிக்கொடுத்த பிள்ளை அந்த வாசலில் போய் நிற்க முடியாது. போவதென்று முடிவு செய்யும் வீடுகள் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே பிள்ளைக்கு அ, ஆ தொடங்கிவிட வேண்டும். அதற்கு டியூஷன் கூட வேண்டாம். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டி ஒருவர், தினம் ஒரு மணி நேரம், அவர் முன்னால் ஒரு தமிழ்ப் பத்திரிகை இருந்தால் போதும்.

அடுத்தது எத்தனை ஆண்டு எங்கே படித்தது என்ற கணக்கு. கர்நாடகத்தில் சி.இ.டி. வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் சேர, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையிலான காலத்தில் மொத்தம் ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான விதி. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பிறப்பிடக் கேள்வியே இல்லை. வெளியில் படித்தவர்கள் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இடம் மாறும் பிள்ளை இரண்டு வாசலிலும் சான்றிதழுக்காக அலைய நேரிடலாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோதும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதுதான் விதி. ஆக, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியை நம்பிப் போகும் குடும்பத்துக்கு ஐந்தாம் வகுப்பு முடியும் ஆண்டுதான் சரியான ஆண்டு. ஏழாம் வகுப்பில் போனால் பள்ளி கிடைக்கும். இந்தச் சலுகைகள் கிடைக்கா. பிள்ளை பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டால், பன்னிரண்டு முடியும் வரை வீட்டை அசைக்காமல் இருப்பதே உத்தமம்.

சாதிச் சான்றிதழ்

இது பலரும் வாய் திறந்து கேட்கத் தயங்கும் விஷயம். நஷ்டம் மட்டும் சத்தமில்லாமல் நடக்கிறது.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அதே பெயருள்ள சாதி அங்கே இருந்தாலும் அந்த மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018-ல் அதை உறுதி செய்தது. அடிப்படைக் கேள்வி, 1950-ல் ஜனாதிபதி உத்தரவு வந்தபோது அந்தக் குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்பதுதான்.

இதன் பலன் இரண்டு விதமாக வருகிறது. 1980-களில் தர்மபுரியில் இருந்து ஆனேக்கல் வந்த தொழிலாளியின் மகன் கர்நாடகத்திலேயே பிறந்திருந்தாலும் தந்தை வழியில் தமிழ்நாட்டுக்காரனாகவே கருதப்படுகிறான். கர்நாடக அரசின் சலுகையில் அவனுக்குச் சிக்கல். தமிழ்நாடு திரும்பினால் வழி திறக்கும். ஆனால் கண்டோன்மெண்டிலோ கோலார் தங்கவயலிலோ 1950-க்கு முன்பே வேரூன்றிய குடும்பத்துக்கு நேர் எதிர். அவர்களின் சான்றிதழ் கர்நாடகத்தில் செல்லும். "சொந்த மாநிலம்" என்று நம்பி இறங்கினால் தமிழ்நாட்டில் செல்லாமல் போகலாம். தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு வேலை தேடி வெளியேறியவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மாநிலப் பட்டியல்கள் வேறு வேறு. தாத்தாவின் பள்ளிச் சான்றோ, நிலப் பட்டாவோ, பழைய ரேஷன் கார்டோ எதுவாயினும் தூக்கி எறியாமல் வைத்திருப்பவன் புத்திசாலி.

வேலையும் பி.எப்.பும்

ஆண் வேலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். பொம்மசந்திரா வட்டாரத்துக் கார்மெண்ட்ஸ் ஆலைகளில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவளுக்குப் போகும் ஊரில் வேலை உண்டா என்ற கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறார்கள். பல வீடுகளில் கேட்பதே இல்லை. அவள் சம்பளம் நின்றால் வாடகையில் மிச்சம் பிடித்தது எங்கே போகும்?

2016 ஏப்ரலில் இந்த ஓசூர் ரோட்டிலேயே ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் பி.எப். பணத்துக்காகத் தெருவில் இறங்கியது நாடறிந்த செய்தி. எப்படி எடுக்கலாம் என்பதற்கு மத்திய அரசு போட்ட புதுக் கட்டுப்பாட்டை இரண்டே நாளில் வாபஸ் வாங்க வைத்தார்கள். ஹெப்பகோடியில் போலீஸ் வண்டிகள் எரிந்ததும் அப்போதுதான். அந்தப் பணம் ஏழைப் பெண்ணுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்படிப் போராடிக் காத்த பணத்தை, வீடு மாற்றும் செலவுக்கென்று ஒரே நாளில் எடுத்துக் கரைப்பதும் நடக்கிறது. பி.எப். எண் இப்போது நாடு முழுவதற்கும் ஒன்றே. புது வேலையில் அதே எண்ணைக் கொடுத்தால் சேவைக் காலம் தொடரும். மொத்தம் பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். ஏழாண்டு முடித்தவர் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், புது ஊரில் ஒன்றில் இருந்து எண்ண வேண்டும்.

கிராஜுவிட்டிக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுத் தொடர் சேவை வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு மட்டும் ஓராண்டு போதும். நாலரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கிளம்பலாம். இ.எஸ்.ஐ. எண்ணும் ஊர் மாறினால் மாறாது. ஆனால் மகப்பேற்றுத் தொகைக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா வேண்டும். கர்ப்பிணிப் பெண் இடையில் வேலை விட்டால் அந்த எண்ணிக்கை குறையும்.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மோட்டார் சைக்கிள் ஆகியவை சில்லறை வேலைகள். ஆனாலும் செய்தாக வேண்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய ஒதுக்கீட்டு அரிசியை இடைக்காலத்தில் அங்கே வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு அந்த ஊர்க் கார்டு வேண்டும். அதற்கு இங்கே பெயர் நீக்கிய சான்று வேண்டும். இரண்டு ஊரிலும் ஓட்டு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. கே.ஏ. எண் வண்டியை அங்கே ஓராண்டுக்கு மேல் ஓட்டுவதானால் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும்.

இரண்டு அடுப்பு

குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு ஆண் மட்டும் ஆனேக்கலில் அறை எடுத்துத் தங்கும் வழக்கம் அதிகம். சனிக்கிழமை மாலை அத்திப்பள்ளியில் பஸ் பிடித்து, திங்கட்கிழமை விடியலில் திரும்பி நேராக ஷிப்டுக்குப் போவார்கள். ஆனேக்கல் ரோடு ஸ்டேஷன் வழியாகப் போகும் சேலம் ரெயில் பாதை தர்மபுரிக்காரர்களுக்கு உதவுகிறது. கிருஷ்ணகிரி நகருக்கு மாவட்டத் தலைநகர் ஆகியும் ரெயில் கிடையாது, பஸ்தான் கதி. இந்த ஏற்பாட்டில் வாடகை இரண்டு, பால் இரண்டு, கியாஸ் இரண்டு. ஓராண்டு வரை இது நல்ல யோசனை: புது ஊர் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் இங்கே வேலை இருக்கிறது. மூன்றாண்டு, நான்காண்டு என்று நீண்டால் மிச்சம் எதுவும் இல்லை. பிள்ளைக்குத் தந்தை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆகிவிடுகிறார்.

போகும் ஊர்த் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் பாதிக்கும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தக் குழாய் வரும் தெருவா, ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தெருவா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டும். சென்னை 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தவித்ததும், 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மிதந்ததும் தெரிந்ததே.

இடையில் ஓசூர்

இத்தனையும் பார்த்தபின் பலர் ஓசூரில் நின்றுவிடுகிறார்கள். எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாடு. ஆனால் உயரம் ஏறக்குறைய ஆனேக்கல் உயரமே. போர்வையை மாற்ற வேண்டியதில்லை. கன்னட வழி அரசுப் பள்ளிகளும் அந்த வட்டாரத்தில் உண்டு என்பதால், கன்னடத்தில் படித்துவரும் பிள்ளை தவிக்க வேண்டியதில்லை. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் இருந்து வளர்ந்த ஊர் 2019-ல் மாநகராட்சி ஆனது. டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு பெண்களுக்கு வேலை வாய்ப்பு கூடியிருக்கிறது. வாடகையும் கூடவே ஏறியிருக்கிறது. அங்கே மலிவு என்று பத்தாண்டுக்கு முன் கேள்விப்பட்டதை நம்பிப் போகக் கூடாது.

ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவில் வேலை பார்ப்போர் மெட்ரோ தங்கள் ஊர் வரை வரும் என்று காத்திருக்கிறார்கள். சுமார் 23 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பாதை போடலாமா என்று சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டுத் திட்டம் 25 ஆயிரம் வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுவது. பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. இரண்டையும் இணைப்பது தொழில்நுட்பரீதியில் இயலாது என்று பெங்களூர் மெட்ரோ நிறுவனம் 2025-ல் கூறிவிட்டது. 2024 ஜூனில் சட்டசபையில் அறிவிக்கப்பட்ட ஓசூர் விமான நிலையத்துக்கோ, தேவனஹள்ளி விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோ மீட்டருக்குள் புதியது கூடாது என்று 2033 வரை உள்ள ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. எனவே வரப்போகும் மெட்ரோவையும் விமான நிலையத்தையும் காட்டி அத்திப்பள்ளி தாண்டி மனை விற்போரிடம், முன்பணம் கொடுக்குமுன் இன்று அந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் வருகிறது என்று கேட்பது நல்லது.